வைக்கோல் பிரி கொச்சையா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், அறுவடை பற்றிய கட்டுரையில் ‘தாத்தா வைக்கோல் பிரி திரித்தார்’ என்று எழுதினான். ஆசிரியர் ‘பிரி’யை அடித்துவிட்டு மேலே ‘கயிறு’ என்று எழுதி, ஓரத்தில் ‘கொச்சை’ என்று குறித்து மதிப்பெண்ணையும் குறைத்துவிட்டார். பிரி கொச்சைச் சொல்லா? தருமபுரியில் வரும் புரியும் இதுவும் ஒன்றா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: கொச்சை இல்லை அம்மா. உங்கள் மகன் சரியான சொல்லைத்தான் எழுதியிருக்கிறான். தவறு அந்தத் திருத்தத்தில் இருக்கிறது, அதுவும் இரண்டு தவறு.

எழுத்து வழக்கில் இந்தச் சொல் ‘புரி’. முறுக்குவதும் புரி, முறுக்கிய இழையும் புரி. பூணூலுக்கு முப்புரிநூல் என்று பெயர். சங்கின் சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை வைத்து வலம்புரி, இடம்புரி என்கிறோம். பேச்சில் இது பிரி ஆகும். பிடியைப் புடி என்றும் பிள்ளையைப் புள்ளை என்றும் சொல்கிறவர்கள் நாம். பகரத்தை அடுத்து இகரமும் உகரமும் இடம் மாறுவது தமிழில் எங்கும் நடப்பதுதான். பிரி என்ற வடிவம் பழைய அகராதிகளிலும் ஏறியிருக்கிறது. பானைக்கு அடியில் வைக்கும் வைக்கோல் வளையத்தைப் பிரிமணை என்று சொல்லும் பாட்டிகள் உங்கள் பக்கத்தில் இன்றும் இருப்பார்கள்.

ஓரத்தில் ‘புரி’ என்று எழுதிக் காட்டியிருந்தால் அந்த ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கயிறு என்று மாற்றினாரே, அதுதான் பெரிய தவறு. பிரி வேறு, கயிறு வேறு.

வைக்கோல் பிரி எப்படித் திரிக்கிறார்கள் என்று உங்கள் மாமனாரையே கேளுங்கள். ஒருவர் உட்கார்ந்து வைக்கோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார். இன்னொருவர் அதைக் குச்சியில் மாட்டி முறுக்கிக்கொண்டே பின்னால் நடப்பார். ஒரே முறுக்கு, ஒரே இழை. கையை விட்டால் பிரிந்துவிடும். அதனால்தான் அதைக் கட்டுக் கட்டவும், சுற்றிச் சுற்றி அடுக்கி, நெல்லைச் சேமிக்கும் நெற்சேர் அமைக்கவும் வைத்துக்கொண்டார்கள். அதைக் கொண்டு கிணற்றில் தண்ணீர் இறைக்க முடியாது.

கயிறு ஆக வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு பிரி வேண்டும். தேங்காய் நாரை முதலில் ஒரு பக்கமாக முறுக்கிப் பிரி எடுப்பார்கள். அப்புறம் இரண்டு மூன்று பிரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். ஒவ்வொரு பிரியும் தன் முறுக்கை அவிழ்க்கப் பார்க்கும். அப்படி அவிழப் பார்க்கும் விசையே மொத்தக் கயிற்றை இறுக்கிவிடும். நார் அழிகிற வரை அந்தப் பிணைப்பு விடாது. இத்தனை வேலைப்பாட்டைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் ‘மூணு பிரியா, நாலு பிரியா’ என்று கேட்டு வாங்குகிறார்கள். செவ்வாய்க்கிழமை வேலூர் பக்கத்துப் பொய்கை மாட்டுச் சந்தைக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள். மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு என்று ஒவ்வொன்றும் தனிப் பெயரோடு இருப்பதை அவன் கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

‘கயிறு’ என்ற ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் போதும் என்று நினைப்பவர்களால் நாம் இழந்தது கொஞ்சமில்லை. மாடு பூட்டிக் கிணற்றில் நீர் இறைக்கும் கவலை ஏற்றத்தில், ‘சால்’ என்ற நீர்ப் பாத்திரத்தை மேலே இழுக்கும் தடித்த கயிறு வடம். சாலின் அடியில் நீரை வெளிவிடும் தோல் குழாயான தும்பியின் வாயை இழுக்கும் மெல்லிய கயிறு வால்கயிறு. மோட்டார் வந்து ஏற்றம் போனதும் வால்கயிறு என்ற சொல்லும் கூடவே போயிற்று. வடம் பிழைத்திருப்பது தேரின் தயவால். இடுப்பில் கட்டும் அரணாக்கயிற்றில் அரைஞாண் என்ற பழஞ்சொல் ஒளிந்திருப்பது பலருக்குத் தெரியாது. கன்றைக் கட்டும் தும்பு இப்போது ‘தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறான்’ என்ற பழமொழிக்குள் மட்டும் இருக்கிறது. அதையும் தும்பைப் பூ என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. வைக்கோல் பிரி இன்னும் வாயில் வழங்குகிற சொல். அதைச் சிவப்பு மையால் அடிப்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

புரிக்கும் கயிற்றுக்கும் உள்ள வேறுபாட்டைச் சங்கப் புலவர் ஒருவர் துல்லியமாக அறிந்திருந்தார். நற்றிணை 284ஆம் பாட்டில், பொருள் தேடிப் போன தலைவனை நெஞ்சு வீட்டுக்குத் திரும்பச் சொல்கிறது. எடுத்த வேலையைப் பாதியில் விடாதே என்கிறது அறிவு. நடுவில் கிடக்கும் உடம்பு, இரண்டு யானைகள் ஆளுக்கொரு பக்கம் பற்றி இழுக்கும் ‘தேய்புரிப் பழங்கயிறு’ போல அழியுமோ என்கிறான். பழங்கயிற்றில் தேய்ந்திருப்பது அதன் புரி. கயிறு வேறு, புரி வேறு என்று அந்தத் தொடரே பிரித்துக் காட்டுகிறது. அந்தத் தொடரால்தான் அவருக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பெயரே வந்தது.

தருமபுரியில் இருப்பது வேறு சொல். அது ஊர் என்று பொருள்படும் வடசொல், முறுக்கோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

தேர்வில் ‘வைக்கோற்புரி’ என்று எழுதச் சொல்லுங்கள், யாரும் கை வைக்க முடியாது. குறைத்த மதிப்பெண்ணை ஆசிரியரிடம் மரியாதையாகக் கேட்டு வாங்குங்கள். போகும்போது நற்றிணைப் பாட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.