பழைய கேஸ் ஹீட்டர்: அணைந்து போகும் சுடரும் அதன் காரணமும்

கேள்வி: லண்டனில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். உள்ளே நீல நிற பியூட்டேன் சிலிண்டர் வைத்து, சக்கரத்தில் நகர்த்தும் பழைய கேஸ் ஹீட்டர் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினோம். பைலட் சுடர் (ஹீட்டரை எரியவைக்க முதலில் பற்றும் சிறு சுடர்) பற்றுகிறது. ஆனால் குமிழிலிருந்து விரலை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. சில நாள்களில் அரை மணி நேரம் எரிந்துவிட்டுத் தானாக அணைகிறது. உள்ளேயுள்ள பாதுகாப்பு உணரியைச் செயலிழக்கச் செய்தால் தொடர்ந்து எரியும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டும் வெவ்வேறு கோளாறுகளாக இருக்கலாம். பைலட் சுடரின் வெப்பத்தில் தெர்மோகப்பிள் என்னும் சிறு உலோக முனை மிகக் குறைந்த மின்னழுத்தத்தை உண்டாக்கி, கேஸ் வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த முனை சூடேறுவதற்குள் விரலை எடுத்தால் சுடர் அணைந்துவிடும். ஆகவே சுடர் பற்றிய பிறகும் 20 விநாடி வரை குமிழை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போதும் நிற்கவில்லையென்றால் தெர்மோகப்பிள் தேய்ந்திருக்கலாம், அதன் இணைப்பு தளர்ந்திருக்கலாம், அல்லது கோடை முழுவதும் மூலையில் கிடந்த ஹீட்டரின் பைலட் துளையைத் தூசியோ சிலந்தி வலையோ அடைத்திருக்கலாம்.

அரை மணி நேரம் எரிந்தபின் அணைவதே எனக்கு அதிகக் கவலை தருகிறது. புகைபோக்கி இல்லாத இந்த ஹீட்டர், அறையின் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, எரிந்த வாயுவை அதே அறைக்குள் விடுகிறது. சாதாரணக் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் 18 விழுக்காட்டை நெருங்கும்போது, பைலட் சுடர் தெர்மோகப்பிளை விட்டு விலகி எழும்பி, கேஸ் அடைபடும்படி பாதுகாப்பு உணரியை வடிவமைத்திருக்கிறார்கள். அதாவது உங்கள் ஹீட்டர் பழுதாகாமல், செய்ய வேண்டிய வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கலாம். அந்த உணரியை நீக்கினால், ஆக்சிஜன் குறைந்த அறையில் சுடர் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவை வெளிவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் ஆகியவை வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனதும் குறைந்தால், கேஸை மூடி, எல்லோரும் உடனே வெளியேறி மருத்துவ உதவி பெறுங்கள்.

எல்பிஜி (பியூட்டேன், புரோப்பேன்) கருவிகளுக்குத் தகுதி பெற்று, பிரிட்டனின் அதிகாரபூர்வ கேஸ் பொறியாளர் பட்டியலான கேஸ் சேஃப் பதிவேட்டில் உள்ள பொறியாளர் பார்க்கும்வரை இதை ஏற்ற வேண்டாம். அவருடைய அடையாள அட்டையின் பின்புறத்தில் எந்தெந்த வேலைகளுக்குத் தகுதி உண்டு என்று இருக்கும். கேட்டு வாங்கிப் பாருங்கள். ஈஎன் 50291 என்னும் ஐரோப்பியத் தரக்குறியுள்ள கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் அந்த அறையில் வையுங்கள். சன்னலைத் திறந்து வைப்பதற்கு அலாரம் ஒருபோதும் மாற்றாகாது.

கேள்வி: ஹீட்டர் வந்தது முதல் சன்னல் கண்ணாடியிலும் சுவரிலும் ஈரம் படிகிறது. ஹீட்டரிலிருந்து ஏதாவது கசிகிறதா?

பதில்: இது கசிவு அன்று. ஒரு கிலோ பியூட்டேன் எரியும்போது ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகமாக நீராவி உண்டாகிறது. 4.2 கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 300 கிராம் கேஸை எரிக்கும். ஆகவே மணிக்கு அரை லிட்டருக்கு நெருக்கமான நீர் உங்கள் அறையில்தான் சேர்கிறது. சுவரில் பூஞ்சை பிடிப்பதும் இதனால்தான். காற்றோட்டம் ஒன்றே தீர்வு. படுக்கையறையிலும் குளியலறையிலும் இதை வைக்கவே கூடாது.

கேள்வி: இன்னொரு பழைய ஹீட்டர் வாங்க நினைக்கும் தம்பிக்கு என்ன சொல்லலாம்?

பதில்: முதலில் வீட்டு உரிமையாளரின் அனுமதியைக் கேட்கச் சொல்லுங்கள், பல வாடகை ஒப்பந்தங்கள் இவ்வகை ஹீட்டரைத் தடை செய்கின்றன. ரப்பர் குழாயில் அச்சிட்ட ஆண்டைப் பார்த்து, பழையதாகவோ வெடிப்புடனோ இருந்தால் மாற்ற வேண்டும். கசிவைச் சோதிக்கச் சோப்பு நீர் போதும், தீக்குச்சி கூடாது. பியூட்டேன் ஹீட்டருக்கு அதற்குரிய ரெகுலேட்டரே தேவை. சிவப்பு புரோப்பேன் சிலிண்டரையும் அதன் 37 மில்லிபார் அழுத்த ரெகுலேட்டரையும் இதில் மாட்டக் கூடாது. பியூட்டேன் சுழியம் டிகிரிக்குச் சற்றுக் கீழே ஆவியாவதை நிறுத்திவிடுவதால், குளிர்ந்த கொட்டகையிலிருந்து எடுத்து வந்த சிலிண்டர் சுடரைச் சரியாகத் தராது. அதற்காக சிலிண்டரை நெருப்பிலோ சூடான பொருளிலோ காட்டக் கூடாது. சுடரின்றி, வினையூக்கி பூசிய பலகையில் கேஸ் எரியும் வகை ஹீட்டர்களில், மிகப் பழையவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால், அதைப் பிரிக்கவோ சுரண்டவோ வேண்டாம். குழாய், ரெகுலேட்டர், பரிசோதனைக் கூலி எல்லாவற்றையும் கூட்டினால் மலிவாக வாங்கியது பெரும்பாலும் மலிவாக இருக்காது. தயாரிப்பு ஆண்டும் விவரத் தகடும் இல்லாத ஹீட்டரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.