ராக்கெட் பார்க்கும் மகளும் பிளஸ் ஒன் வேதியியலும்: ஒரு தாய்க்கு எழுதும் பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகள் நள்ளிரவு தாண்டி அலாரம் வைத்து எழுந்து, அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து புறப்படும் ராக்கெட்டுகளைக் கைப்பேசியில் பார்க்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். காலாண்டுத் தேர்வில் வேதியியல் மதிப்பெண் சரிந்திருப்பதையும், கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் பிழைக்க வழி என்று அவளுடைய அப்பாவும் விண்வெளித் துறைதான் வேண்டும் என்று அவளும் பிடிவாதமாக நிற்பதால் வீட்டில் பேச்சே குறைந்துவிட்டதையும் குறிப்பிட்டிருந்தீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால், அவளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்ற கேள்விக்கான விடையில் பாதி அவள் இரவில் பார்க்கும் அந்தக் காட்சியிலேயே கிடைக்கும் என்று நான் நம்புகிறேன். ஒரு நாள் அவள் பக்கத்தில் உட்காருங்கள். ராக்கெட்டை அவள் பார்க்கட்டும். நீங்கள் அவளைப் பாருங்கள். எந்த நிமிடத்தில் அவள் திரையை நெருங்குகிறாள், எதைப் பற்றித் தானாகவே பேசத் தொடங்குகிறாள் என்று கவனியுங்கள்.

அதற்கு, அங்கே நடப்பது என்னவென்று நீங்களும் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டில் முதல் கட்டம் எனப்படும் அடிப்பகுதியில் 9 எஞ்சின்கள் உள்ளன. அவை சுத்திகரித்த மண்ணெண்ணெயைத் திரவ ஆக்சிஜனோடு சேர்த்து எரிக்கின்றன. புறப்பட்ட சுமார் இரண்டரை நிமிடத்தில் அந்த அடிப்பகுதி பிரிந்துவிடும். வழக்கமான ராக்கெட்டுகளில் அது கடலில் விழுந்து வீணாகும். இங்கே அது நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சித் தன்னைத் திருப்பிக்கொண்டு, அடர்ந்த காற்றுக்குள் நுழைவதற்குமுன் சில எஞ்சின்களை மீண்டும் இயக்கி வேகத்தைத் தணித்து, டைட்டானியத்தால் ஆன வலை போன்ற துடுப்புகளால் திசையைச் சரிசெய்துகொண்டு, புறப்பட்ட எட்டு ஒன்பது நிமிடத்துக்குள் தரையிலோ கடலில் மிதக்கும் ஆளில்லா மேடையிலோ நின்ற நிலையில் வந்து இறங்கும். 2015 டிசம்பரில் முதன்முறையாகத் தரையிலும், 2016 ஏப்ரலில் கடல் மேடையிலும் இறங்கியது. 2017 மார்ச்சில், ஏற்கெனவே பறந்து திரும்பிய ஒரு பூஸ்டர், அதாவது இந்த அடிப்பகுதி, மறுபடியும் ஏவப்பட்டது. இன்று ஒரே பூஸ்டர் 30 முறைக்கு மேல் பறந்திருக்கிறது. உங்கள் மகள் பார்ப்பது பொழுதுபோக்குக் காட்சி மட்டுமே அன்று. அவள் தலைமுறையின் மிகப் பெரிய பொறியியல் மாற்றங்களுள் ஒன்று அவள் கண்முன் நடந்துகொண்டிருக்கிறது.

என்னிடம் வரும் மாணவர்களில் ராக்கெட் பிடிக்கும் என்று சொல்பவர்கள் பலர். அவர்களைப் பேசவிட்டால், ஒவ்வொருவருக்கும் பிடித்திருப்பது வேறு வேறு என்று தெரியவரும். சிலருக்கு எஞ்சின் எரியும் முதல் சில நொடிகள் போதும். அந்தச் சுடரின் நிறம் ஏன் மாறுகிறது, எரிபொருளை அத்தனை வேகத்தில் எஞ்சினுக்குள் தள்ளுவது எது என்று கேட்பார்கள். அவர்களுக்கு இயந்திரவியலும் வேதிப் பொறியியலும் பொருந்தும். சிலர் கவுண்டவுன் நிறுத்தப்படும்போதுதான் உற்சாகமடைவார்கள்: மேலே காற்று எப்படி வீசுகிறது, தடைசெய்யப்பட்ட கடற்பகுதிக்குள் படகு வந்துவிட்டதா, அடுத்த வாய்ப்பு எந்த நேரத்தில் என்றெல்லாம் கணக்கிடுவார்கள். ஏவுதளச் செயல்பாடு, வானிலையியல், விண்வெளிச் சட்டம், காப்பீடு என்று இவர்களுக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது.

கடைசி இருபது முப்பது நொடிகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் பிள்ளைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எரிபொருள் ஏறக்குறையத் தீர்ந்து இறங்கும் அந்தப் பூஸ்டரின் எடையைவிட, ஒரே ஒரு எஞ்சின் தரக்கூடிய மிகக் குறைந்த உந்துவிசையே அதிகம். ஆகவே அது அந்தரத்தில் நின்று நிதானித்து இறங்க முடியாது; நிற்க முயன்றால் மறுபடியும் மேலே போய்விடும். வேகம் பூஜ்யமாகும் கணமும் உயரம் பூஜ்யமாகும் கணமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். எஞ்சினைச் சற்று முன்னதாக மூட்டினால் தரைக்கு மேலேயே வேகம் தீர்ந்துவிடும், சற்றுத் தாமதித்தால் மோதிவிடும். இதன் எளிய வடிவம் உங்கள் மகளின் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தில், சீரான முடுக்கத்தில் இயங்கும் பொருளின் சமன்பாடுகளாக இருக்கிறது. 2018 டிசம்பரில் ஒரு பூஸ்டர் இறங்கும்போது வலைத்துடுப்புகளை இயக்கும் ஹைட்ராலிக் பம்ப் நின்றுபோனது. பூஸ்டர் சுழன்றபடியே வந்தாலும், எஞ்சின் மூட்டப்பட்டதும் சுழற்சியைத் தணித்துக்கொண்டு கரையோரக் கடலில் நின்ற நிலையில் இறங்கியது. அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிள்ளைக்குக் கட்டுப்பாட்டுப் பொறியியல், மின்னணுவியல், கணிதம், மென்பொருள் ஆகியவற்றில் ஏதோ ஒன்று உள்ளூர இழுக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். அந்த முடிவுகளை நொடிக்கு நொடி எடுப்பது மனிதர் அல்லர். மனிதர் எழுதிய நிரல். அப்படியானால், கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கும் அப்பாவும் ராக்கெட் கேட்கும் மகளும் எதிரெதிர்த் திசையில் நிற்கவில்லை. இதை இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

விண்கலம் பூமிக்குத் திரும்பும் காட்சியே அவளுக்குப் பிடித்ததென்றால் பொருளறிவியலையும் உலோகவியலையும் யோசிக்கலாம். ஒரு கலத்தைத் திருப்பி இறக்குவது வேறு, அதைச் சிக்கனமாக மறுபடியும் பறக்கவைப்பது வேறு என்பதை இந்தத் துறை மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்தது. ஆனாலும் ஓர் ஆண்டில் 9 பயணங்களுக்கு மேல் அதனால் போக முடிந்ததே இல்லை. அதன் உடலை மூடியிருந்த 20,000க்கும் மேற்பட்ட வெப்பக்காப்பு ஓடுகளை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் சோதித்துப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2003 பிப்ரவரி 1 அன்று, புறப்படும்போது பெயர்ந்து விழுந்த நுரைக்காப்புத் துண்டால் இறக்கையின் முன்விளிம்பு துளைபட்டிருந்த கொலம்பியா திரும்பும் வழியில் சிதைந்து, கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள். ஸ்பேஸ்எக்ஸ் இப்போது சோதிக்கும் ஸ்டார்ஷிப் என்ற புதிய கலத்தையும் சுமார் 18,000 ஓடுகள்தான் காக்கின்றன. 2024 அக்டோபரில் அதன் பூஸ்டரை ஏவுகோபுரத்தின் கைகளே பிடித்ததை உங்கள் மகள் நிச்சயம் பார்த்திருப்பாள். அந்த ஓடுகளைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள்.

இனி வேதியியல். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வின் 200 கட்-ஆஃப் மதிப்பெண்ணில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. ஜேஇஇ தேர்விலும் மூன்றுக்கும் சம இடம். ஆகவே வேதியியலை விட்டுவிட்டு விண்வெளியைப் பிடிக்க முடியாது என்று அவளிடம் தெளிவாகச் சொல்லுங்கள், திட்டாமல் சொல்லுங்கள். கூடவே அவளுக்கு ஒரு கேள்வியும் கொடுங்கள். 16 கிராம் மீத்தேன் முழுவதுமாக எரிய 64 கிராம் ஆக்சிஜன் வேண்டும், அதாவது ஒன்றுக்கு நான்கு. ஆனால் ஸ்டார்ஷிப்பின் ராப்டர் எஞ்சினில் அந்த விகிதம் சுமார் 3.6 மட்டுமே. வேண்டுமென்றே எரிபொருளை ஏன் மிகுதியாக விடுகிறார்கள்? ஃபால்கன் 9 எரிக்கும் மண்ணெண்ணெயை விட்டுவிட்டு மீத்தேனுக்கு ஏன் மாறினார்கள்? எஞ்சினில் கரி படிவது, வாயு மூலக்கூறுகளின் எடை, எரியறையின் வெப்பம் என்று இதற்கு விடை தேடப் போனால் வேதிச்சமன்பாடு, வெப்ப இயக்கவியல் ஆகிய பாடங்களை அவள் கடந்தே ஆகவேண்டும். இந்த ஒரு கேள்வியோடு ஒரு மாதம் போராடி, பிறகு வேதியியலைத் தானாகவே படிக்கத் தொடங்கிய மாணவனை நான் பார்த்திருக்கிறேன்.

படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: பாடத்தின் பெயரில் விண்வெளி என்று இருக்கிறதா என்று பார்த்துச் சேர்க்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப் பெயரை நம்பி ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்த மாணவர் ஒருவர், காற்றுச் சுரங்கம் (மாதிரிகளின்மேல் காற்றை வேகமாகப் பாய்ச்சிச் சோதிக்கும் அமைப்பு) என்று விளம்பரத்தில் காட்டப்பட்ட கருவி நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட இயக்கப்படவில்லை என்று என்னிடம் வந்து கண் கலங்கினார். அந்தக் கல்லூரியைப் பரிந்துரைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன். விண்வெளிப் பொறியியல்தான் என்றால் சென்னை ஐஐடி, திருவனந்தபுரத்தில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம், அப்துல் கலாம் படித்த குரோம்பேட்டை எம்ஐடி போன்ற வலுவான இடம் கிடைத்தால் சேருங்கள். முதல் இரண்டுக்கும் ஜேஇஇ அட்வான்ஸ்டு தேவை. திருவனந்தபுரத்தில் படித்தாலே இஸ்ரோ வேலை உறுதி என்று சிலர் சொல்வார்கள். அது காலியிடங்களையும் மாணவரின் மதிப்பெண்ணையும் பொறுத்தது. அத்தகைய இடம் கிடைக்காவிட்டால், நல்ல ஆய்வகமுள்ள கல்லூரியில் இயந்திரவியலோ மின்னணுவியலோ கணினி அறிவியலோ படிப்பதே மேல். இஸ்ரோ தன் பொறியாளர்களைப் பெருமளவில் தேர்ந்தெடுப்பது இந்த மூன்று பிரிவுகளிலிருந்துதான்; விண்ணப்பிக்கவே பட்டப்படிப்பில் 65 விழுக்காடு அல்லது 10க்கு 6.84 கிரேடு சராசரி கேட்பது வழக்கம். டிப்ளமோ, ஐடிஐ முடித்தவர்களுக்கும் அங்கே தனித்தனிப் பணியிடங்கள் உண்டு.

ஒரு கசப்பான செய்தியையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. அவள் கனவு ஸ்பேஸ்எக்ஸிலேயே வேலை பார்ப்பது என்றால், அமெரிக்காவின் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். ராக்கெட் தொழில்நுட்பம் அந்தச் சட்டத்தின்கீழ் வருவதால், அந்நாட்டுக் குடிமக்கள், நிரந்தரமாக வசிக்கும் உரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்கள், அடைக்கலம் பெற்றவர்கள் ஆகியோரையே அத்தகைய நிறுவனங்கள் பொதுவாக வேலைக்கு எடுக்கின்றன. மாணவர் விசாவில் போய் எம்.எஸ். முடித்துவிட்டு, அதன்பிறகு இதைத் தெரிந்துகொண்டு மனமுடைந்த பிள்ளைகள் உண்டு. வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்குவதற்குமுன் இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கதவு இங்கே திறந்திருக்கிறது. 2020இல் இன்ஸ்பேஸ் என்ற அமைப்பை அரசு உருவாக்கியபின் தனியார் நிறுவனங்களுக்கு வழி பிறந்தது. 2022 நவம்பரில் ஹைதராபாத்தின் ஸ்கைரூட் இந்தியாவின் முதல் தனியார் ராக்கெட்டை ஏவியது. சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் காஸ்மோஸ், பலமுறை ஒத்திவைப்புகளுக்குப் பிறகு, 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தானே அமைத்த ஏவுதளத்திலிருந்து, ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த எஞ்சினைக் கொண்டு தன் சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டது. இரண்டுமே சுற்றுப்பாதையை எட்டாத சோதனைப் பயணங்கள்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். இஸ்ரோவின் இறக்கை கொண்ட மறுபயன்பாட்டுக் கலம், ஹெலிகாப்டரிலிருந்து சுமார் நாலரை கி.மீ. உயரத்தில் விடப்பட்டு, சித்ரதுர்காவில் 2023இலும் 2024இலுமாக மூன்று முறை தானாகவே ஓடுபாதையில் இறங்கியது. மீண்டும் பயன்படுத்தக்கூடிய முதல் கட்டத்தைக் கொண்ட அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோவின் எஞ்சின்கள் பல ஆண்டுகளாகச் சோதிக்கப்படுகின்றன. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போகவேண்டியதில்லை என்பதால், சிறிய ராக்கெட்டுகளுக்கு எரிபொருள் மிச்சமாகும்.

இவற்றைப் படித்துவிட்டு வேலை குவிந்துகிடப்பதாக எண்ணிவிட வேண்டாம். இவை சிறிய நிறுவனங்கள். முதலீடு நின்றால் வேலையும் நிற்கும். விமானத்திலிருந்து ராக்கெட் ஏவிய விர்ஜின் ஆர்பிட், 2023 ஜனவரியில் பிரிட்டனிலிருந்து செய்த ஏவுதல் தோற்றபின், ஏப்ரலிலேயே திவால் பாதுகாப்புக்கு விண்ணப்பித்தது. அடிப்படைப் பட்டம் அகலமாக இருந்தால், அத்தகைய நாளில் வாகனத் துறைக்கோ மின்னணுத் துறைக்கோ மாறிக்கொள்ளலாம். நான் அகலமான படிப்பை வற்புறுத்துவது இதனால்தான்.

தூக்கத்துக்கு வருவோம். 2024இல் ஃபால்கன் ராக்கெட்டுகள் மட்டும் 130 முறைக்கு மேல் ஏவப்பட்டன. மூன்று நாளைக்கு ஒன்று. அவற்றில் பெரும்பாலானவை ஒரே வகை இணையச் செயற்கைக்கோள்களைச் சுமந்தவை, ஒன்றுபோல் ஒன்று. எல்லாவற்றையும் நேரலையில் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. மாதத்துக்கு இரண்டு இரவுகள் என்று அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். புதிய ராக்கெட், புதிய முயற்சி என்று காரணத்தையும் சொல்லட்டும். மற்றவற்றின் பதிவை மாலையில் பார்க்கலாம். தேர்வு வாரத்தில் அந்த இரண்டும் கிடையாது.

பார்ப்பதோடு ஒரு கோடு போட்ட நோட்டும் இருக்கட்டும். ஏவுவதற்குமுன் என்ன நடக்கும் என்று அவள் நினைக்கிறாளோ அதையும், பிறகு நடந்ததையும் எதிரெதிரே எழுதட்டும். தோல்விகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கட்டும்: 2015 ஜூனில் ஒரு ஃபால்கன் 9 நடுவானில் சிதைந்தது, ஹீலியக் கலனைத் தாங்கிய உலோகத் தண்டு தாங்கவேண்டிய சுமையில் ஒரு பகுதிக்கே முறிந்ததால் என்று விசாரணையில் அந்த நிறுவனம் கண்டது. அத்தகைய காரணங்களைத் தன் சொந்தத் தமிழில் அரைப் பக்கம் எழுதத் தெரிந்தால், அவள் வெறும் பார்வையாளர் நிலையைத் தாண்டிவிட்டாள் என்று கொள்ளலாம். மூன்று மாதத்தில் நோட்டு நின்றுபோனாலும் கோபிக்க வேண்டாம். அதுவும் நமக்கு ஒரு தகவலே.

சென்னையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா சுமார் 100 கி.மீ. தொலைவுதான். அங்கே பொதுமக்கள் ஏவுதலைப் பார்ப்பதற்கென 2019 முதல் ஒரு பார்வையாளர் மாடம் இருக்கிறது; ஒவ்வொரு ஏவுதலுக்கும் முன்பதிவு திறக்கும்போது இஸ்ரோவின் இணையதளத்தில் பெயர் பதிந்து, அடையாள அட்டையோடு போகலாம். அவளுடைய அப்பா அவளை அழைத்துப் போகட்டும், நீங்கள் வீட்டிலேயே இருந்தாலும் பரவாயில்லை. போய்வந்த பிறகு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணும் அந்த நோட்டும் கையில் இருக்க, மூவரும் ஒரு சனிக்கிழமை காலையில் என்னை வந்து பாருங்கள். விண்ணப்பிக்க வேண்டிய கல்லூரிகளின் பட்டியலை அன்று சேர்ந்து எழுதுவோம்.