அரசின் வரைவு விதிகளை எடைபோடுவது: கேள்வி பதில்

காற்று, நீர் மாசு குறித்து அரசு வெளியிடும் வரைவு விதிகளில் எது தேறும், எது தேறாது என்று எப்படிக் கண்டுகொள்வது என ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல் பக்கங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். புகைபோக்கிகளில் ஏறி மாதிரி எடுக்கும் ஆய்வக வேலையில் காலம் கழித்தவன் நான். வழக்கறிஞன் அல்ல, மருத்துவனும் அல்ல. அந்த இரண்டு துறைக் கேள்விகளை என்னிடம் அனுப்ப வேண்டாம்.

கோபிசெட்டிபாளையம், விவசாயி: ஐயா, அரசிதழில் ஒரு வரைவு வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

தேதியை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், 1986-இன்படி ஆட்சேபணை தெரிவிக்க 60 நாள் அவகாசம் உண்டு. அரசிதழ்ப் பிரதி மக்களுக்குக் கிடைக்கும் நாளிலிருந்துதான் அதை எண்ண வேண்டும். பொதுநலன் கருதி இந்த அவகாசமே தராமல் விதியைக் கொண்டுவரவும் அதே விதிகளில் வழி இருக்கிறது. ஆகவே 60 நாள் கொடுத்திருக்கிறார்களா என்பதே முதல் சோதனை.

இரண்டாவது, விளக்கக் குறிப்பு. சட்டமானாலும் விதியானாலும் வரைவை மக்கள் முன் வைக்கும்போது ஏன் தேவை, செலவு என்ன, யாரைப் பாதிக்கும் என்று சொல்ல வேண்டும் என 2014 பிப்ரவரியில் மத்திய அரசே ஒரு கொள்கை வகுத்தது. வந்த கருத்துகளின் சுருக்கத்தை வெளியிடவும் அது சொல்கிறது. உங்கள் கையில் இருக்கும் வரைவில் அந்தக் குறிப்பைத் தேடுங்கள். இல்லையென்றால் உங்கள் ஆட்சேபணையின் முதல் வரியே அதுதான்.

மூன்றாவதை இன்று பல முறை சொல்லப்போகிறேன்: வரம்பு எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள், அதை எப்படி அளப்பார்கள் என்ற பத்தியைப் படியுங்கள்.

கோவை தடாகம் பகுதி வாசகர்: செங்கல் சூளைக்குப் புதிய வரம்பு கடுமையானது என்கிறார்கள். உண்மையா?

2022 பிப்ரவரி 22-ஆம் தேதி அறிவிக்கையைச் சொல்கிறீர்கள். அதற்கு முன் சூளையின் அளவைப் பொறுத்து கன மீட்டருக்கு 750 அல்லது 1,000 மில்லிகிராம் துகள் வரை விட்டிருந்தார்கள். இப்போது 250. எண் கடுமையானதுதான். ஆனால் அந்த அறிவிக்கையின் உயிர் 250-இல் இல்லை. கரியமில வாயு 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அளந்த துகளை 4 சதவீதக் கணக்குக்கு மாற்ற வேண்டும் என்ற ஒற்றை வரியில் இருக்கிறது.

புகைபோக்கியில் மாதிரி எடுப்பது எப்படி என்று தெரிந்தால் இந்த வரியின் அருமை புரியும். மேடையில் ஏறி, துளை வழியே குழாயை உள்ளே விட்டு, புகை போகும் அதே வேகத்தில் உறிஞ்சுவோம். உள்ளே திம்பிள் என்ற விரல் வடிவ வெள்ளை வடிகட்டி இருக்கும். அதை முன்னும் பின்னும் அடுப்பில் உலர்த்தி எடைபோட்டால் வித்தியாசம்தான் துகள். இதில் ஏமாற்ற எளிய வழி, கீழே ஒரு மூடியைத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விடுவது. பாலில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். துகளின் மொத்த அளவு குறையாது, ஒரு கன மீட்டருக்கு இத்தனை என்ற கணக்கு மட்டும் குறையும். 180 வந்தது, தேறிவிட்டோம் என்பார்கள். வெளிக்காற்று கலந்ததால் அப்போது கரியமில வாயு 2 சதவீதம்தான் இருந்தது என்றால் 180-ஐ நான்கால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். 360. தேறவில்லை. இந்தத் திருத்த வரி இல்லாத எந்த வரைவிலும் வரம்பு வெறும் அலங்காரம்.

இனி உங்கள் ஊருக்கு வருகிறேன். குடியிருப்பிலிருந்து 800 மீட்டர், சூளைக்கும் சூளைக்கும் ஒரு கிலோமீட்டர் என்றெல்லாம் அறிவிக்கை சொல்வது இனி அமைக்கும் சூளைக்கு. ஏற்கெனவே நெருக்கி நிற்கும் சூளைகளை அது விலக்கி வைக்காது. செம்மண் எடுப்பதைப் பற்றி, கனிமத் துறை உள்ளிட்டவற்றின் அனுமதி வாங்க வேண்டும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. மற்றதெல்லாம் கனிம விதிகளின் பாடு. 2021-இல் தடாகத்தில் சூளைகள் மூடப்பட்டபோதும் பேச்சு உரிமத்தையும் செம்மண்ணையும் பற்றித்தான் இருந்தது, புகையின் மில்லிகிராமைப் பற்றி அல்ல. ஒரு விதியிடம் அது தொடாத விஷயத்தைக் கேட்டுக் கோபப்படுவதில் பயனில்லை.

நாமக்கல்: பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து நாற்றம் தாங்கவில்லை. யாரிடம் சொல்வது?

மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். இது வரைவு விதி பற்றிய கேள்வி அல்ல.

கோவை, பொறியியல் மாணவி: அமெரிக்காவில் விதி போடும் முன் லாப நட்டக் கணக்குப் பார்ப்பார்களாமே, இங்கேயும் அப்படிச் செய்தால் நல்லதுதானே, ஐயா?

நல்ல கேள்வி, அம்மணி. 1993-இல் கிளிண்டன் பிறப்பித்த 12866 எண் உத்தரவு, ஆண்டுக்கு 10 கோடி டாலர் அளவுக்குத் தாக்கம் ஏற்படுத்தும் விதிகளுக்கு நன்மை, செலவு இரண்டையும் மதிப்பிடச் சொன்னது. தொழிலை மிரட்டும் விதிகளைத் தடுக்கவே இந்தக் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. பெட்ரோலில் ஈயத்தைக் குறைக்க அங்குள்ள சுற்றுச்சூழல் முகமை 1985-இல் போட்ட கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம், பெரியவர்களின் ரத்த அழுத்தம், வண்டிப் பராமரிப்புச் செலவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததில் நன்மை செலவைப் பல மடங்கு மிஞ்சியது. ஒரு கேலன் பெட்ரோலுக்கு 1.1 கிராம் என்றிருந்த ஈயத்தை 1986 தொடக்கத்தில் 0.1-க்கு இறக்கிவிட்டார்கள். கணக்கு அங்கே விதியை விரைவுபடுத்தியது.

ஆனால் செலவுப் பக்கத்தை யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். 1990-இல் அமில மழைக்காகக் கந்தக டைஆக்சைடு வரம்பு வந்தபோது ஆலைகள் பயமுறுத்திய செலவைவிட உண்மைச் செலவு வெகுவாகக் குறைந்தது. இங்கே வரும் வரைவில் அப்படியொரு கணக்கு இருந்தால் வரவேற்று, அதன் செலவு எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

கோவை: கைபேசிச் செயலியில் காற்று ‘நன்று’ என்று காட்டுகிறது. அப்புறம் எதற்குப் புதிய விதி?

செயலி சட்டமல்ல. 2009-இன் தேசியத் தரப்படி நுண்துகளுக்கு (பி.எம். 2.5) ஒரு நாள் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. மேலும் அந்த 60-ஐ ஆண்டில் 98 சதவீத நேரம் காத்தால் போதும், ஆண்டுச் சராசரிக்கு வாரம் இருமுறை வீதம் குறைந்தது 104 அளவைகள் போதும். தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சேர்த்த நகரங்களில் கொங்கு நாட்டு நகரம் ஒன்றுகூட இல்லை. அதனால் இங்கே காற்று சுத்தம் என்று முடிவு கட்டுமுன், எத்தனை இடத்தில் கருவி வைத்து அளந்தார்கள் என்று கேளுங்கள். மறுபடியும் அதேதான், எண்ணுக்கு முன் அளவை.

மேட்டூர்: அனல்மின் நிலையங்களுக்குக் கந்தக வரம்பைத் தளர்த்திவிட்டார்களாமே?

2015 டிசம்பர் 7 அன்று போட்ட விதி. முதலில் இரண்டு ஆண்டு கெடு. பிறகு 2022 என்றார்கள். 2021, 2022, 2024 என மூன்று முறை திருத்தித் தள்ளினார்கள். 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் கருவியே வேண்டாம் என்றாகிவிட்டது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, ஊர்க்காற்றில் கந்தக டைஆக்சைடு பெரும்பாலும் வரம்புக்குள் இருக்கிறது என்பது அரசுத் தரப்பு. இரண்டும் பொய்யல்ல. ஆனால் அந்த வாயு காற்றில் போகப்போக சல்பேட் துகளாக மாறி நுண்துகள் கணக்கில் சேர்கிறது. வாயுவை மட்டும் அளந்து நிம்மதி அடைபவர், உருமாறிய பிறகு அதைத் தேடவில்லை என்று பொருள். வரைவில் கெடு தேதியைப் பார்த்ததும், அதைத் தவறினால் என்ன ஆகும் என்ற பத்தியையும் தேடுங்கள். அது இல்லாத தேதி நகரும்.

சேலம்: வாட்ஸ்அப்பில் வந்த ஆட்சேபணைக் கடிதத்தை அப்படியே அனுப்பினால் போதாதா?

போதாது. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவுக்கு லட்சக்கணக்கில் கருத்துகள் குவிந்தன. ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்பினால் அதிகாரி அதை ஒரே வாசகமாகத்தான் வாசிப்பார். எந்தப் பிரிவு, அதில் என்ன குறை, அதற்குப் பதில் என்ன வாசகம், உங்கள் ஊரில் அதைக் காட்டும் ஒரு சான்று. அரைப் பக்கம் போதும். அந்த வரைவை 22 மொழிகளில் தர வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் சொன்னதை மட்டும் நினைவில் வைத்து, தமிழ்ப் பிரதி எங்கே என்று கேளுங்கள்.

பொள்ளாச்சி: தேங்காய் நார்த் தொழிலை 2021-இல் வெள்ளைப் பட்டியலிலிருந்து ஆரஞ்சுக்கு மாற்றினார்களே, சரியா?

பாதி சரி. மாசு மிகக் குறைந்த தொழிலுக்கு வெள்ளை, அதைவிடக் கூடுதலானதற்கு ஆரஞ்சு என்று நிறம் பிரிப்பார்கள். நாரைத் திரித்துக் கயிறு செய்பவரையும், ஏற்றுமதிக்காக நார்க்கழிவை உப்பு நீங்கும்வரை கழுவி அந்த நீரைத் தோப்பில் விடுபவரையும் ஒரே நிறத்தில் அடைத்தது தவறு. வகைப்படுத்தும் விதி தொழிலின் பெயரைப் பார்க்காமல், எந்தக் கட்டத்தில் மாசு வருகிறது என்று பார்க்க வேண்டும்.

நாமக்கல் (வேறு வாசகர்): கோழிப்பண்ணை நாற்றம்...

மேலே பாருங்கள்.

திருப்பூர், சாயப்பட்டறை உரிமையாளர்: 2011-இலிருந்து ஒரு சொட்டுக் கழிவுநீர் வெளியே விடாமல் நடத்துகிறோம். மற்ற மாநிலத்தவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இது நல்ல விதியா?

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு வந்த நிலை உங்களுடையது. 2015 அக்டோபர் வரைவில் இதே பூஜ்ஜிய வெளியேற்றத்தை நாடு முழுவதும் ஜவுளிக்குக் கட்டாயமாக்க முன்வந்தார்கள். 2016 அக்டோபரில் இறுதி அறிவிக்கை வந்தபோது அது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் விருப்பமாகச் சுருங்கிவிட்டது. வரைவையும் இறுதியையும் அருகருகே வைத்துப் படிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. உங்கள் மனக்குறை நியாயமானது.

ஆனால் உங்கள் முறையையும் எடைபோட வேண்டும். ஆர்.ஓ.வில் மிஞ்சும் உப்பு நீரை ஆவியாக்க விறகோ மின்சாரமோ வேண்டும். கடைசியில் கலப்பு உப்பும் சேறும் மூட்டையாகக் கிடக்கின்றன. மாசு ஆற்றிலிருந்து காற்றுக்கும் கிடங்குக்கும் நகர்ந்திருக்கிறது. எந்த வரைவானாலும், இங்கிருந்து விரட்டிய மாசு எங்கே போய் உட்காரும் என்று கேளுங்கள்.

நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ்ப்பகுதி விவசாயி: சாயப்பட்டறைக்காரருக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். எங்கள் கிணற்றில் இன்னும் உப்பு.

வக்காலத்து இல்லை, ஐயா. உங்கள் கிணறு கெட்டதற்கு விதியிலேயே ஒரு ஓட்டை இருந்தது, அதைச் சொல்கிறேன். கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்று வரம்பு. ஒரு கோடி லிட்டர் நீர் அந்த வரம்புக்குள்ளேயே போனாலும் 21 டன் உப்பு போகிறது. நொய்யல் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அல்ல, கலந்து கரைக்க நல்ல தண்ணீர் இல்லை. ஒவ்வொரு பட்டறையும் தேறலாம், ஆறு செத்துப்போகும். ஒரு ஆற்றுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை டன் என்று வரம்பு வைத்திருந்தால் கதை வேறு. மண்ணில் இறங்கிய உப்பை யார் எடுப்பது என்று ஜவுளித் தரங்களில் ஒரு பிரிவும் கிடையாது. அதை வரைவுக் கட்டத்திலேயே கேட்க வேண்டும்.

அதே சாயப்பட்டறை உரிமையாளர்: விறகை ஏன் இழுக்கிறீர்கள்? கொதிகலனுக்கும் வரம்பு இருக்கிறதே.

இருக்கிறது. மணிக்கு 2 டன்னுக்குக் குறைவாக ஆவி தரும் கொதிகலனுக்கு 1,200 மில்லிகிராம் துகள், 15 டன்னும் அதற்கு மேலும் என்றால் 150. இரண்டும் 12 சதவீதக் கரியமில வாயுக் கணக்கில். பொது சுத்திகரிப்பு நிலையத்தின் பெரிய கொதிகலனை இறுக்கிவிட்டு, சந்துக்குள் இருக்கும் சிறியதற்கு எட்டு மடங்கு விட்டுக்கொடுக்கிறார்கள். மூக்குக்கு அருகில் இருப்பது சிறியதுதான். மின்சார ஆவியாக்கி வைத்தேன் என்பீர்கள். அது அனல்மின்சாரம் என்றால் மேட்டூர்க்காரர் மேலே கேட்ட கேள்வி உங்களுடையதும் ஆகிறது.

பெருந்துறை: இரண்டு பக்கமும் பேசுகிறீர்கள். மீறினால் சிறை என்றால் எல்லாம் சரியாகிவிடாதா?

அந்தக் காலம் போய்விட்டது. 2023-இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் காற்றுச் சட்டத்திலும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் பெரும்பாலான மீறல்களுக்குச் சிறையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் வைத்தது. 2024 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. சிறை இருந்த காலத்தில் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று நான் வாதாடப்போவதில்லை. ஆவியாக்கியை நிறுத்தினால் ஒரு மாதத்தில் மிச்சமாகும் தொகையை ஒரு பக்கமும், அபராதத்தின் உச்சத்தை மறுபக்கமும் வைத்துப் பாருங்கள்.

திருப்பூர்க்காரர் மறுபடியும் எழுதுவார் என்று தெரியும். எழுதட்டும். அடுத்த முறை தன் பட்டறையின் விறகுச் சிட்டையையும் மின்கட்டண ரசீதையும் இணைத்து அனுப்பினால்தான் பதில்.