லோகபுருஷன் யாருடைய உடல்?

கேள்வி: குஜராத் சமண ஓவியங்களில் உலகம் முழுவதையும் ஒரு மனித உருவத்துக்குள் வரைந்திருப்பதைப் பார்த்தேன். சித்தர்களின் 'அண்டத்தில் உள்ளதே பிண்டம்', புருஷ சூக்தம், கண்ணனின் விஸ்வரூபம் எல்லாம் இதேதானே? பெயர் மட்டும்தானே வேறு?
- வாசகர், கும்பகோணம்

பதில்: இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் சமணர்கள் சொல்லவந்தது காணாமல் போய்விடும்.

ரிக் வேதத்தின் புருஷ சூக்தத்தில் தேவர்கள் புருஷன் என்ற ஆதி மனிதனை வேள்வியில் பலியிடுகிறார்கள். அவன் மனதிலிருந்து சந்திரனும் கண்ணிலிருந்து சூரியனும் பிறக்கின்றன. விஸ்வரூபத்தில் உலகமெல்லாம் கடவுளுக்குள் அடங்கியிருக்கிறது. சமணத்திலோ உலகைப் படைத்தவரே கிடையாது. அது தொடக்கமும் முடிவும் இல்லாதது. நீங்கள் பார்த்த அந்த உருவத்துக்கு லோகபுருஷன் என்று பெயர்; அது ஒரு ஆளும் இல்லை, தெய்வமும் இல்லை. காலை அகட்டி, இடுப்பில் கைவைத்து நிற்பவரைப் போல உலகம் இருக்கிறது என்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கு அளவும் கொடுத்திருக்கிறார்கள்: உயரம் 14 ரஜ்ஜு (சமணர்களின் மிகப் பெரிய நீள அளவு), அகலம் அடியில் 7, இடுப்பில் 1, மார்பில் 5, உச்சியில் 1.

சரி, படத்தை மறுபடி எடுத்து இடுப்பைப் பாருங்கள். பல படங்களில் அங்கே ஒரு வட்டம் இருக்கும். நடுவில் மேரு மலை, அதைச் சுற்றி 1 லட்சம் யோஜனை (பழைய தூர அளவு) குறுக்களவுள்ள ஜம்புத்தீவு. அதற்கு 2 சூரியன், 2 சந்திரன்! அப்புறம் அதைச் சுற்றி வளையங்களாக உப்புக்கடல், தாதகீகண்டம் என்ற தீவு, இன்னொரு கடல், புஷ்கரத் தீவில் பாதி. அங்கே மானுஷோத்தர மலை வளைத்து நிற்கிறது. மனிதர்கள் பிறப்பதும் வாழ்வதும் அதற்குள்ளேதான். இந்த இரண்டரைத் தீவுகளை மட்டுமே தனியாகத் துணியில் பெரிதாக வரைவார்கள். நீலக் கடல் வளையங்களில் மீன்கள் நீந்தும்.

இடுப்புக்குக் கீழே ஏழு நரகங்கள், மேலே தேவலோகங்கள், உச்சியில் பிறை வடிவில், முக்தி பெற்ற உயிர்களின் இடமான சித்தசிலை. தேவர்கள் நம்மைவிட உயரத்தில், சுகமாக இருக்கிறார்கள். ஆனால் அங்கிருந்து அப்படியே முக்திக்குப் போக அவர்களால் முடியாது. இறங்கி வந்து, மனிதராகப் பிறந்து, தவம் செய்தாக வேண்டும். மனித உடலுக்குச் சமணம் தரும் மதிப்பு இதனால்தான் வருகிறது. அண்டம் உடலுக்குள் இருக்கிறது என்பதால் அல்ல.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. மனிதர் வாழும் அந்த வட்டத்தின் குறுக்களவு 45 லட்சம் யோஜனை. சித்தசிலைக்கும் அதே 45 லட்சம்தான். முக்தி பெற்ற உயிர் வளையாமல் நேர்மேலே எழுகிறது. எழுந்த இடத்துக்கு நேராகவே போய்ச் சேருகிறது. இந்தக் கணக்கைப் புருஷ சூக்தத்தில் எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்?