திரும்பப் பெற்றதற்கு எழுத்தில் சான்று

மதிப்புக்குரிய ஐயா,

கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளராக இருக்கிறேன். நீரிழிவு நோயாளர்கள் மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்களா என்று செய்த ஆய்வை, ஈமெயிலில் அழைப்பு அனுப்பிய ஒரு வெளிநாட்டு ஆய்விதழுக்குக் கொடுத்தேன். ஐந்தாம் நாளே ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி 180 டொலர் கேட்டார்கள். கட்டுரையின் தரத்தைப் பார்க்கும் துறைசார் மதிப்பீட்டாளரின் குறிப்பு ஒன்றுகூட வரவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்றால் அதற்கு 100 டொலராம். பேசாமல் வேறு இதழுக்கு அனுப்பிவிடலாமா? இன்னொரு சிக்கல், ஆய்வில் பங்கெடுக்காத துறைத்தலைவர் தன் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார்.

எஸ்., வெள்ளவத்தை

அன்புள்ள எஸ்.,

180 டொலரையும் கட்ட வேண்டாம், 100 டொலரையும் கட்ட வேண்டாம். ஆனால் இன்றே வேறு இதழுக்கு அனுப்பவும் வேண்டாம். அவசரத்தில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். முதல் இதழ் உங்கள் கட்டுரையை இன்னும் விடவில்லை. நீங்கள் அடுத்த இதழுக்குக் கொடுத்த மறுவாரம் அவர்கள் அதை இணையத்தில் ஏற்றிவிட்டால், ஒரே ஆய்வை இரண்டு இடத்தில் வெளியிட்டவர் என்ற பழி உங்கள்மேல் விழும்.

அது வெறும் சம்பிரதாயக் குற்றமல்ல. வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரோன் மருந்து பற்றிய ஆய்வுகளை 1997இல் ஒரு குழு திரட்டிப் பார்த்தது. நோயாளர் தரவுகளில் 28 சதவீதம் இரட்டிப்பாக வெளியானவை. அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது மருந்தின் பயன் 23 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. ஒரே நோயாளரை இருமுறை எண்ணினால் மருத்துவர் பிழையான கணக்கை நம்பி மருந்து எழுதுவார்.

முதலில், கட்டுரையின் பதிப்புரிமையை இதழுக்குக் கொடுக்கும் உரிமைமாற்றுப் படிவத்தில் கையொப்பமிட்டீர்களா என்று பாருங்கள். இடவில்லை என்றால் உங்கள் நிலை பலமானது. இட்டிருந்தால் அதன் நகலைத் தேடி எடுத்து, பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவிடமோ நூலகரிடமோ காட்டுங்கள். பிறகு ஆசிரியர்பீடத்துக்கு ஒரு ஈமெயில். கட்டுரைத் தலைப்பு, இதழ் அதற்குக் கொடுத்த இலக்கம், அனுப்பிய திகதி மூன்றும் அதில் இருக்கட்டும். “மதிப்பீட்டாளர் அறிக்கை எதுவும் தரப்படவில்லை, கட்டுரையாசிரியர்கள் அனைவரும் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், வெளியிட எங்களுக்குச் சம்மதமில்லை” என்று எழுதி, எழுத்து மூலமான உறுதியை 14 நாளில் கேளுங்கள். இணை ஆசிரியர் எல்லோருக்கும் பிரதி போகட்டும். கட்டணத்தைப் பற்றி வாதாடாதீர்கள், பேரம் பேசும் ஆளாகத்தான் தெரிவீர்கள். வந்த ஈமெயில்கள் எல்லாவற்றையும் பீடிஎஃப் ஆகச் சேமியுங்கள்.

பதிலே வராவிட்டால் இன்னொரு தடவை எழுதுங்கள். அதற்கும் மௌனம் என்றால் அடுத்த இதழுக்கு அனுப்பலாம். ஆனால் முகப்புக் கடிதத்தில் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, ஈமெயில்களை இணைக்க வேண்டும். சில இதழாசிரியர்கள் மறுப்பார்கள். அப்படி மறுத்தாலும், வெளியான பின் கட்டுரையை இதழே மீளப்பெறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கட்டணம் கேட்பதே மோசடி என்று எண்ணிவிடாதீர்கள். எவரும் இலவசமாகப் படிக்கும்படி, அதாவது திறந்த அணுக்கத்தில், வெளியிடும் நல்ல இதழ்களும் இதைவிடக் கூடுதலாகக் கேட்பதுண்டு, சலுகையும் தருவதுண்டு. மதிப்பீடே செய்யாமல் ஏற்பை விற்பதுதான் மோசடி. 2013இல் அமெரிக்காவின் ‘சயன்ஸ்’ இதழுக்காக ஒருவர், வேண்டுமென்றே பிழைகள் நிறைத்த போலிக் கட்டுரையை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றன. அதனால் இதழின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னங்களை நம்பாதீர்கள். ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளங்களான ஸ்கோபஸ், டிஓஏஜே, பப்மெட் ஆகியவற்றின் சொந்தப் பட்டியலில் போய்த் தேடுங்கள். வெளியீட்டு நெறிமுறைக் குழுவான ‘கோப்’பின் உறுப்பினர் பட்டியலிலும் பாருங்கள். ஐஎஸ்எஸ்என் இலக்கம் தரச்சான்று அல்ல, வெறும் அடையாள எண். நம் கொழும்பிலேயே இலங்கை மருத்துவச் சங்கம் 1887இலிருந்து நடத்தும் ‘சிலோன் மெடிக்கல் ஜேர்னல்’ இருக்கிறது. உங்கள் ஆய்வுக்கு அதன் வாசகர் பொருத்தமானவர்கள்.

துறைத்தலைவர் விடயம் இதைவிட நுட்பமானது, உங்கள் பணி நீடிப்பு அவர் கையில் என்பதால். ஒருவரைக் கட்டுரையாசிரியராகச் சேர்க்க, மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, எழுதியோ ஆழமாகத் திருத்தியோ இருத்தல், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்றல். நான்கும் சேர்ந்து வேண்டும். நிதி பெற்றுத்தருவதும் பொதுவான மேற்பார்வையும் மட்டும் போதாது. அவற்றுக்கு நன்றிப் பகுதியில், அவர் சம்மதத்தோடு, இடமுண்டு.

“உங்கள் பெயர் போட முடியாது” என்று நேரே சொல்ல வேண்டாம். நீங்கள் அனுப்பப்போகும் இதழின் பங்களிப்புப் படிவத்தை அவருக்கு அனுப்பி, “சேர், உங்கள் பங்கை எந்த வரியில் எழுதட்டும்?” என்று கேளுங்கள். தரவில் சந்தேகம் எழுந்தால் கையொப்பமிட்ட எல்லோருமே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற வாசகம் பெரும்பாலும் அந்தப் படிவத்திலேயே இருக்கும். நீங்கள் சொல்லத் தயங்குவதை அது சொல்லிவிடும். அவர் வற்புறுத்தினால் பீடத்தின் ஆய்வுக் குழுவிடம், சண்டையாக அல்ல, வழிகாட்டல் கேட்டு எழுதுங்கள்.

ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. நோயாளரிடம் தரவு திரட்டுமுன், ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் (மேலே சொன்ன ‘கோப்’ அல்ல) அனுமதி பெற்றீர்களா? அந்த அனுமதி இலக்கம் உங்களிடம் இருந்தால் கட்டுரையின் முறையியல் பகுதியில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் இதழ் தேடுவதை நிறுத்திவிட்டு, முதலில் அந்தக் குழுவிடம் உண்மையைச் சொல்லி எழுதுங்கள். முடிந்த ஆய்வுக்குப் பின்திகதியிட்டு அனுமதி தரமாட்டார்கள். அப்படி எவராவது வாங்கித் தருவதாகச் சொன்னால் ஏற்க வேண்டாம்.