கணினி கேள்வி–பதில்: சேர்வருக்குள் திறக்கும் ஷெல்

எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் இணையத்தளத்தை வாடகைக்கு எடுத்த சிறிய உபுண்டு சேர்வர் ஒன்றில் நடத்துகிறோம். பதிவேட்டைப் பார்த்தால் நாளாந்தம் ஆயிரக்கணக்கான பிழையான கடவுச்சொல் முயற்சிகள். எஸ்எஸ்எச் (SSH: சேர்வரின் ஷெல்லை, அதாவது கட்டளைகளை எழுதி இயக்கும் இடத்தை, தொலைவிலிருந்து திறக்கும் வழி) போர்ட் 22ஐ மாற்றினால் போதுமா? — வாசகர், முல்லைத்தீவு

போதாது. போர்ட்டை மாற்றினால் பதிவேட்டில் இரைச்சல் குறையும், அவ்வளவுதான். முழுப் போர்ட்களையும் ஸ்கான் செய்பவருக்குப் புதிய எண் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். கடவுச்சொல்லால் நுழையும் வழியையே மூடிவிடுங்கள்.

உங்கள் கணினியில் எஸ்எஸ்எச்-கீஜென் (ssh-keygen) கட்டளை கொண்டு ஈடி25519 (ed25519) வகைச் சாவிச்சோடி ஒன்றை (உங்களிடமே இருக்கும் இரகசியச் சாவியும், சேர்வருக்குக் கொடுக்கும் பொதுச் சாவியும்) உருவாக்கி, அதற்கு ஒரு கடவுத்தொடரும் இடுங்கள். பொதுச் சாவியைச் சேர்வரில் உங்கள் பயனரின் கணக்கில் சேருங்கள். சாவி இருக்கும் ஃபோல்டருக்கு அனுமதி எண் 700, சாவிக் கோப்புக்கு 600 (வேறு பயனர் எவருக்கும் அனுமதி இல்லை). பலர் மினக்கெடுவது இந்த இடத்தில்தான்: பயனரின் ஹோம் ஃபோல்டரில் மற்றவர்களும் எழுதலாம் என்றிருந்தால், சேர்வர் காரணம் சொல்லாமலே சாவியை நிராகரித்துவிட்டுக் கடவுச்சொல் கேட்கும். சாவி பிழை என்று நினைத்துப் புதிது புதிதாகச் செய்துகொண்டிருப்பார்கள்.

சாவியால் நுழைய முடிகிறது, அந்தப் பயனருக்கு சூடோ (நிர்வாகிக் கட்டளைகளை இயக்கும்) அதிகாரமும் இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகு, சேர்வரின் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் நுழைவு, ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) நுழைவு இரண்டையும் ‘நோ’ ஆக்குங்கள். வாடகைச் சேர்வர்கள் பலவற்றில் கிளவுட்-இனிட் (சேர்வரை முதன்முதலில் அமைத்துத்தரும் மென்பொருள்) எழுதிவைத்த துணைக் கோப்பொன்று கடவுச்சொல்லுக்கு ‘யெஸ்’ சொல்லிக்கொண்டிருக்கும். அந்தத் துணைக் கோப்பே முதலில் வாசிக்கப்படுகிறது. ஓப்பன்எஸ்எஸ்எச் (எஸ்எஸ்எச்சை நடத்தும் மென்பொருள்) முதலில் வாசிக்கும் மதிப்பையே எடுப்பதால், பிரதான கோப்பில் நீங்கள் எழுதிய ‘நோ’ பலிக்காது. ஆகவே எஸ்எஸ்எச்டி (sshd) கட்டளையைப் பெரிய எழுத்து ‘டி’ (-T) தெரிவுடன் இயக்கி, உண்மையில் நடைமுறையில் இருப்பது எது என்று பாருங்கள். சிறிய ‘டி’ (-t) எழுத்துப்பிழைகளை மட்டும் காட்டும். சேவையை மீள ஏற்றும்போது திறந்திருக்கும் இணைப்பை மூடவேண்டாம். இரண்டாவது விண்டோவில் நுழைந்து பார்த்த பிறகே முதலாவதை மூடுங்கள்.

ஒரே ஐபி முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுக்கச் சிலர் சொல்வார்கள். கைத்தொலைபேசி டேட்டாவில் வேலைசெய்பவருக்கு அது சரிவராது. அந்த முகவரி மாறிக்கொண்டே இருக்கும், பலருக்குப் பொதுவாகவும் இருக்கும். கடைசியில் வெளியே நிற்பது நீங்கள்தான். சிக்னல் அறுந்தால் பாதியில் நிற்கும் வேலைகளை, இணைப்புப் போனாலும் சேர்வரில் தொடர்ந்து ஓடவைக்கும் டீமக்ஸ் (tmux) மென்பொருளுக்குள் இருந்து இயக்குங்கள்.

தானியங்கி இற்றைப்படுத்தலையும் நிறுத்தவேண்டாம். 2024 ஜூலையில் வெளிவந்த ‘ரெக்ரெஷன்’ குறை, கடவுச்சொல்லே இல்லாமல் ரூட் அதிகாரம் தரக்கூடியது. ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8இல் அது திருத்தப்பட்டது. உபுண்டு பழைய பதிப்பு எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தைச் சேர்ப்பதால், எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

பழைய மாணவர் சங்கத்தின் வேர்ட்பிரஸ் தளத்தில், படங்கள் ஏற்றும் ஃபோல்டருக்குள் தெரியாத பிஎச்பி (சேர்வரில் இயங்கும் நிரல்) கோப்பொன்று இருந்தது. அழித்தேன். இரண்டு நாளில் திரும்ப வந்துவிட்டது. — வாசகர், கிளிநொச்சி

அது வெப் ஷெல். உலாவியிலிருந்து அனுப்பும் கட்டளையை உங்கள் சேர்வரில் இயக்கித் தரும் கோப்பு. அதை அழித்தீர்கள், அது வந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. அல்லது அதை மறுபடி எழுதிவைக்கும் இன்னொன்று உள்ளே இருக்கிறது.

இனி எதையும் அழிக்கமுன் முழுத் தளத்தையும், டேட்டாபேஸையும், அணுகல் பதிவேட்டையும் பிரதி எடுங்கள். பதிவேட்டில் அந்தக் கோப்பின் பெயரைத் தேடுங்கள். முதல் தடவை ‘போஸ்ட்’ (சேர்வருக்குத் தரவு அனுப்பும்) கோரிக்கை போய், வெற்றி எனும் 200 என்ற பதில் வந்த வரி எது? அந்த ஐபி முகவரி அதற்கு முந்திய நிமிடங்களில் வேர்ட்பிரஸில் கூடுதலாகச் சேர்த்த எந்தப் பிளகினைத் தொட்டது? ஓட்டை அநேகமாக அங்கேதான். கோப்பின் மாற்றத் திகதியை நம்பவேண்டாம், அதை விரும்பியபடி பின்தள்ளி எழுதலாம். சீடைம் (ctime: கோப்பின் விபரங்கள் கடைசியாக மாறியது) எனும் நேரத்தைப் பாருங்கள், அதை ஏமாற்றுவது கடினம்.

திரும்ப எழுதும் பொருள் ஒளிந்திருக்கும் இடங்கள்: வெப் சேர்வர் பயனரின் கிரொன் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும்) அட்டவணை, வேர்ட்பிரஸின் சொந்தக் கிரொன், பிளகின் பட்டியலில் சாதாரணமாகக் கண்ணில் படாத மியூ-பிளகின்ஸ் (mu-plugins) ஃபோல்டர், ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் ஒரு கோப்பை ஏற்றிவிடும் டொட் யூசர் இனி (.user.ini) கோப்பு, நீங்கள் உருவாக்காத நிர்வாகிக் கணக்கு. சிலவேளை கோப்பே இருக்காது. நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பிஎச்பி புரொசஸ் ஒன்று, அழித்த அடுத்த நொடியே மறுபடி எழுதும். அதை முதலில் நிறுத்த வேண்டும். வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் நிர்வகிக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ (WP-CLI) கருவியின் செக்சம் சரிபார்ப்பு (கோப்புகளை அசலோடு ஒப்பிடுவது), மாற்றப்பட்ட மூலக் கோப்புகளைக் காட்டிக்கொடுக்கும். விலைகொடுத்து வாங்கவேண்டிய தீம் (theme: தளத்தின் தோற்ற வடிவமைப்பு) ஒன்றை எங்கிருந்தோ இலவசமாக எடுத்துப் போட்டிருந்தால், வேறெங்கும் தேடமுன் அதைச் சந்தேகியுங்கள்.

துப்புரவான பிறகு டேட்டாபேஸ் கடவுச்சொல்லையும் வேர்ட்பிரஸ் சோல்ட் (நுழைவுக் குக்கிகளைக் காக்கும் இரகசிய) சாவிகளையும் மாற்றுங்கள். படங்கள் ஃபோல்டரில் பிஎச்பி இயங்காதபடி தடுங்கள். அப்பாச்சி வெப் சேர்வரில் எச்டிஅக்ஸஸ் (.htaccess) கோப்பு போதும். என்ஜின்எக்ஸ் (nginx) வெப் சேர்வர் அந்தக் கோப்பை வாசிப்பதே இல்லை, அங்கே சேர்வர் அமைப்பிலேயே எழுத வேண்டும்.

பாதுகாப்புச் சோதனையில் பெரும்பாலும் ரிவேர்ஸ் ஷெல்லையே பயன்படுத்துவது ஏன்? பழகிப் பார்க்க என்ன வேண்டும்? — மாணவர், வவுனியா

பைண்ட் ஷெல்லில் சேர்வர் ஒரு போர்ட்டைத் திறந்து காத்திருக்கும், சோதிப்பவர் போய் இணைவார். ரிவேர்ஸ் ஷெல்லில் சேர்வரே சோதிப்பவரைத் தேடி வெளியே வரும். உள்ளே வருவதைத் தடுக்கும் பயர்வோல்கள் பல, வெளியே போவதைக் கேட்பதில்லை. விடை அதுதான்.

தடுப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது. வெப் சேர்வர் பயனர் (டெபியனிலும் உபுண்டுவிலும் எண் 33) புதிதாகத் தொடங்கும் வெளியிணைப்புகளை ஐபிடேபிள்ஸ் (iptables) பயர்வோலின் ஓனர் (எந்தப் பயனர் தொடங்கினார் என்று பார்க்கும்) விதியால் மறியுங்கள். மறித்ததும் பிளகின் இற்றைப்படுத்தல், மின்னஞ்சல், கட்டணச் சேவை எல்லாம் நின்றுபோகும். தேவையான முகவரிகளை மட்டும் திறந்துவிட வேண்டும். இந்தக் கரைச்சலுக்குப் பயந்துதான் பலர் இதைச் செய்யாமல் விடுகிறார்கள். செய்த சேர்வரில் ரிவேர்ஸ் ஷெல் வாசலிலேயே நின்றுவிடும். பிஎச்பியில் சில ஃபங்ஷன்களை மூடிவைப்பதைத் தடுப்பாக எண்ணவேண்டாம், அது தாமதப்படுத்தும் அளவே.

பழக 8 ஜிபி ராம் உள்ள மடிக்கணினி காணும். கணினிக்குள் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வேர்ச்சுவல்பொக்ஸில், சோதிப்பவரின் காலி லினக்ஸுக்கு (Kali) 2 ஜிபி, சோதனைக்கு இலக்காகும் மெட்டாஸ்ப்ளொயிட்டபிளுக்கு 1 ஜிபி. இரண்டையும் ஹோஸ்ட்-ஒன்லி (உங்கள் மடிக்கணினிக்குள்ளேயே அடங்கும்) நெட்வேர்க்கில் மட்டும் வையுங்கள். பிரிட்ஜ் ஆக்கினால், வேண்டுமென்றே ஓட்டை வைத்த அந்த இயந்திரம் வீட்டு ரவுட்டரில் உள்ள எல்லோருக்கும் திறந்து கிடக்கும்.

ஒரு நிறுவனத்தின் தளத்தில் ஓட்டை இருப்பதைக் கண்டேன். ஷெல் திறந்து உறுதிசெய்துவிட்டு அறிவிக்கலாமா? — வாசகர், மாங்குளம்

கூடாது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அதிகாரமின்றி நுழைவதே குற்றம்; சேதம் நடந்திருக்கத் தேவையில்லை. கண்டதை, கண்ட அளவில் நிறுத்தி, அந்த நிறுவனத்துக்கோ நாட்டின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கோ (Sri Lanka CERT) எழுதுங்கள்.

சோதிக்கச் சொல்லி அவர்களே கேட்டால், கடிதத்தில் இருக்க வேண்டியவை: எந்தத் தளம், எந்த ஐபி, எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, எதைத் தொடக்கூடாது, ஏதும் பிழைத்தால் அழைக்க வேண்டிய இலக்கம். பகிர்ந்த ஹோஸ்டிங் என்றால் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சம்மதமும் வேண்டும், ஏனென்றால் அதே இயந்திரத்தில் வேறு ஆட்களின் தளங்களும் ஓடுகின்றன. நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு கோப்பின் பெயர், இடம், நேரம், ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) ஆகியவற்றை அப்போதே எழுதிவைத்து, முடியும்போது அந்தப் பட்டியல்படி ஒவ்வொன்றையும் நீக்கி, பட்டியலை அறிக்கையோடு சேர்த்துக் கொடுங்கள்.