கனமாக இருந்தால் நல்ல பவர் பேங்கா?

கேள்வி: பிளாட்பாரக் கடையில் 450 ரூபாய்க்கு 50,000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்கினேன். கையில் நல்ல கனம். சமையலறைத் தராசில் 420 கிராம் காட்டுகிறது. ஆனால் 5,000 எம்ஏஎச் போனில் பாதி ஏறியதுமே தீர்ந்துவிடுகிறது. பழுதா, ஏமாற்றா?

பதில்: ஏமாற்றுதான். அந்த 420 கிராமே காட்டிக்கொடுக்கிறது.

பல பவர் பேங்குகளில் இருப்பது 18650 வகை பேட்டரி செல்: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், எடை 45 முதல் 48 கிராம். உயர்ந்த தரத்திலும் ஒரு செல் 3,500 எம்ஏஎச் அளவில்தான் நிற்கும். 50,000 வேண்டுமென்றால் 15 செல். செல்கள் மட்டுமே 675 கிராமுக்குக் குறையாது. தட்டையான பவுச் செல் போட்டாலும் 420-க்குள் அடங்காது.

இனி போன் பக்கத்துக் கணக்கு. பாதி என்றால் 2,500 எம்ஏஎச். செல்லின் குறைந்த வோல்ட்டேஜை 5 வோல்ட்டுக்கு உயர்த்துவதிலும் சார்ஜ் ஏறும்போது சூடாவதிலும் போகிற சேதாரத்தைக் கூட்டினால் 3,200 பக்கம் வரும். அதாவது உள்ளே வேலை செய்வது ஒரே ஒரு செல். வெளிக்கூட்டுக்கும் சர்க்யூட் போர்டுக்கும் தாராளமாக 100 கிராம் விட்டாலும் 270 கிராம் மிச்சம். இரும்புத் தகடோ, மணல் அடைத்த போலி செல்லோ இருக்கும்.

காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், நம்பாதீர்கள். அசல் 18650 செல்லின் கூடும் எஃகுதான், அதுவும் ஒட்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறக்கவும் வேண்டாம். முனை செல்லில் குத்தினால் தீப்பிடிக்கும். விரலில் நிறுத்திப் பாருங்கள்: ஒரே பக்கம் சாய்ந்தால், குலுக்கும்போது ஏதாவது உருண்டால் சந்தேகம் வலுக்கும்.

அடுத்த முறை 20,000 எம்ஏஎச் வாங்கும்போது எடை 300 கிராமுக்குக் கீழே இருந்தால் வைத்துவிடுங்கள். மேலே இருப்பதாலேயே நல்லது என்றாகிவிடாது. லேபிளில் செல்களின் மொத்த மின்னாற்றல் 74 வாட் அவர் என்றும், சேதாரம் போக 5 வோல்ட்டில் கிடைக்கும் அளவு 12,000 சொச்சம் என்றும் தனியாகப் போட்டிருந்தால் விற்பவர் ஒளிக்கவில்லை என்று கொள்ளலாம். 'ஆர்' என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டி, தயாரிப்பாளர் பெயரும் பொருளும் ஒத்துப்போகிறதா பாருங்கள். (அசல் 50,000 என்றால் 185 வாட் அவர், 160-க்கு மேல் விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள்.)

பில் இல்லையென்றால் யுபிஐ ரசீது, லேபிள் படம், தராசில் வைத்த வீடியோ மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்கள்.

கேள்வி: ஹெட்போனிலும் வெறும் எடைக்காக இரும்பு வைப்பார்களாமே?

பதில்: 2015-ல் பீட்ஸ் பிராண்டு ஹெட்போன் ஒன்றைப் பிரித்து, எடையில் 30 சதவீதம் நான்கு உலோகத் துண்டுகள் என்று ஒரு கட்டுரை வந்தது. பிறகு பார்த்தால், பிரித்ததே போலி பீட்ஸ்! எடை வைப்பதெல்லாம் மோசடியும் அல்ல. மேசை டெலிபோனின் அடியில் இரும்புத் தகடு வைப்பது, பட்டனை அழுத்தும்போது போன் நகராமல் இருக்கத்தான்.